தூதனின் உதடு

முப்பத்துநாலாவது லூப். இதோடு முடிந்தது சார் என்று உதவி டைரக்டர் வரதன் மூன்று தடவை சொல்லிவிட்டான், முடிந்தபாடில்லை. வெளியே இரண்டரை மணி வெயில், உள்ளே ஏ.சி.யைப் போட்டு ஆளை விறைக்க வைத்திருக்கிறார்கள். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு மைக்குக்கு முன்னால் நிற்கிறேன். எதிரே திரையில் நடிகன் திரிகூடம். செத்துப் பதினேழு நாள் ஆகிறது, ஆனாலும் எவ்வளவு பெரிய முகம், சுவர் முழுக்க அவன்தான். என் முகம் ஒரு நாளும் சுவர் முழுக்க வந்தது கிடையாது. என்னை இடுப்புக்கு மேலே எடுப்பார்கள், அதிலும் யாராவது ஒருவருடைய தோள் பாதி மறைத்துக்கொண்டிருக்கும். அரை நிமிஷத் துண்டுப் பிலிமைத் தலையும் வாலும் ஒட்டி வளையமாக்கி ஓடவிட்டிருக்கிறார்கள், அது பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஆற்றங்கரையில் ஒரு கிழவன், கண் தெரியாத கிழவன், காலடிச் சத்தம் கேட்டுத் திரும்புகிறான், முகத்தைச் சற்றே மேலே தூக்குகிறான், என்னவோ சொல்கிறான், தலை குனிகிறது, ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது, மறுபடி திரும்புகிறான். சத்தம் கிடையாது. அவன் உதடு அசைய அசைய நான் பேச வேண்டும், அதுவும் அவன் குரலில் பேச வேண்டும். முப்பத்துமூன்று லூப்புக்கு அப்படித்தான் பேசினேன், நேற்று முழுக்க, இன்று காலை முழுக்க. மூக்கிலிருந்து பாதி, தொண்டையிலிருந்து பாதி, வார்த்தை முடிகிற இடத்தில் தென்காசிக்காரன் இழுவை கொஞ்சம். அதைத்தான் குழைவு என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். என்ன குழைவோ. கண்ணாடி அறைக்குள்ளிருந்து சவுண்ட் இன்ஜினியர் ஜெயசீலன், "அப்படியே அவர்தான் சார், கண்ணை மூடினா அவர்தான்" என்று ஸ்பீக்கரில் சொல்லிக்கொண்டே இருந்தார். பாராட்டாம். அறுபத்தொரு வயதில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு, கண்ணை மூடிக்கொண்டால் நான் திரிகூடம்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். போன திங்கட்கிழமை வரதன் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "டப்பிங்குக்கு முன்னாடியே இப்படி ஆயிட்டுது சார். மிமிக்ரி பண்றவங்க நாலு பேரைப் பார்த்தோம், கேலி பண்ற மாதிரி இருக்கு. அவங்க வீட்டம்மாதான் சோணாசலம் அண்ணனைக் கூப்பிடுங்கன்னாங்க. சாரே சொல்லிட்டுப் போனாராம்" என்றபோதே எழுந்து உள்ளே போயிருக்கலாம். போகவில்லை, என்ன சொன்னான் என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணு ஆயிட்டா சோணாவைக் கூப்பிடு, அவனுக்குத்தான் என் வாய் தெரியும்னாராம்." எப்படி இருக்கிறது பாருங்கள். சாகிற நேரத்திலும் எனக்கு ஒரு வேலை வைத்துவிட்டுப் போகிறான். அவன் வாய் எனக்குத் தெரியுமாம், என் வாய் யாருக்குத் தெரியும்? நாளைக்கு நான் போய்ச் சேர்ந்தால் என் குரலைப் பேச யாரைக் கூப்பிடுவார்கள், யாரையும் கூப்பிட மாட்டார்கள், அந்தக் காட்சியை வெட்டி எறிந்துவிடுவார்கள், படத்துக்கு ஒரு குறையும் வராது. என் பெண்டாட்டி லோகாம்பாள் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "போய்ப் பேசிட்டு வாங்களேன், செத்தவர் மேல என்ன உங்களுக்கு" என்றாள். செத்தவர் மேல் என்ன இருக்கும், பொறாமைதான். இதற்கு வேறு பேர் வைக்க எனக்குத் தெரியாது, வைத்துப் பார்த்திருக்கிறேன், கௌரவம் என்று வைத்தேன், கொள்கை என்று வைத்தேன், எதுவும் ஒட்டவில்லை. உயிரோடு இருக்கிறவன்மேல் பொறாமைப்பட்டால் என்றைக்காவது சறுக்குவான் என்ற நம்பிக்கையாவது உண்டு. செத்தவன் எங்கே சறுக்கப்போகிறான். இனி அவனுக்கு ஏறுமுகம்தான், மாலைதான், அஞ்சலிதான், அவனைப் போல உண்டா என்பார்கள். நான்தான் இன்னும் இருந்துகொண்டு இருமிக்கொண்டிருக்கிறேன்.

மறுபடி திரும்புகிறான். முகத்தைத் தூக்குகிறான். அந்தப் பார்வை. எதிரே நிற்பவன் முகத்தைப் பார்க்காமல் அவன் நெற்றிக்கு ஒரு சாண் மேலே எதையோ பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. திரிகூடம் பார்வை என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பெண்ணைக் கல்யாணம் பண்ணிக் கொடுத்து அனுப்பும்போது அந்தப் பார்வை, வீடு ஏலத்துக்குப் போகும்போது அந்தப் பார்வை, கொட்டகையில் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். அது என்னுடையது. சத்தியமாக என்னுடையது. நாற்பதாம் வருஷம் நாடகக் கம்பெனியில் கண்ணிழந்த ராஜா வேஷம் யார் கட்டினார்கள்? நான் கட்டினேன், இருபத்துமூன்று வயதில், பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு, மூன்று வருஷம், திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே குருடனாக இருப்பது எப்படி என்று நானாக யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தது, எதிராளி நெற்றிக்கு ஒரு சாண் மேலே பார். வாத்தியார்கூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்போது திரிகூடம் யார்? தூதன். போர்க்களத்திலிருந்து இளவரசனுடைய வாளைக் கொண்டுவந்து நிற்கிற தூதன். மொத்த நாடகத்திலும் அவனுக்கு ஒரே ஒரு வசனம், அரசே. அவ்வளவுதான், மூன்றெழுத்து. மூன்றெழுத்து வேஷக்காரன் என்று நாங்கள் அவனைக் கூப்பிடுவோம், நாங்கள் என்றால் நான், நான் ஆரம்பித்து வைத்தது. கடைசிக் காட்சியில் நான் வசனம் பேசி முடித்ததும் சபையே மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அப்போது அவன் அரசே என்று வாளைக் கீழே வைக்க வேண்டும், திரை விழும். ஒரு நாள் மதுரையில் பேசிக்கொண்டிருக்கும்போது கவனித்தேன், பக்கத்தில் நிற்கிற தூதனுடைய உதடு அசைகிறது. சத்தமில்லாமல் என் வசனத்தை என்னோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். குருடன் வேஷத்தில் இருக்கிறவன் கோபித்துப் பார்க்கவும் முடியாது, நெற்றிக்கு மேலே பார்த்துக்கொண்டே பேசி முடித்தேன். அடுத்த நாளும் அசைந்தது. வாத்தியாரிடம் சொல்லிவிட்டேன். தூதன் வாயை அசைக்கிறான், ஜனங்கள் சிரிக்கிறார்கள் என்று. ஜனங்கள் சிரிக்கவில்லை, அது நான் சேர்த்தது. வாத்தியார் அவனை எல்லோருக்கும் முன்னால் நிற்க வைத்து ஒரு அறை விட்டு, வாயை மூடிக்கிட்டு நில்லுடா என்றார். மறுநாள் காலையில் கிணற்றடியில் என் பக்கத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தவன், கன்னம் வீங்கியிருந்தது, "நல்லா இருந்துது சோணா, அதான் வாய் தன்னால போச்சு" என்றான். நக்கல் பண்ணுகிறான் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் கம்பெனி கலைந்தது, எல்லோரும் மெட்ராசுக்கு வந்தோம், அவன் அப்பாவானான், நான் டாக்டரானேன். என்ன கணக்கோ தெரியவில்லை, முப்பது வயதிலேயே அவனுக்கு அப்பா வேஷம் கொடுத்தார்கள், எனக்குக் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிவிட்டார்கள். அவன் கட்டிலில் படுத்துச் சாவான், நான் கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவேன், அவ்வளவுதான், கேமரா அவன் பக்கம் போய்விடும். எத்தனை படத்தில் எத்தனை தடவை அவன் நாடியைப் பிடித்திருக்கிறேன். ஒன்று சொல்கிறேன், யாருக்கும் தெரியாது, டேக் என்றதும் அவன் நாடி ஓட்டமாக ஓடும், படபடவென்று அடித்துக்கொள்ளும், வெளியே முகத்தில் ஒன்றும் தெரியாது. பயந்தாங்கொள்ளி. அது எனக்கு மட்டும் தெரியும் என்பதில் ஒரு சந்தோஷம் இருந்தது, அந்தச் சந்தோஷத்திலேயே பல வருஷம் ஓட்டினேன். டைட்டிலில் அவன் பெயர் தனியாக வரும், என் பெயர் ஏழு பேரோடு வரிசையில் வரும், படிப்பதற்குள் போய்விடும். என் முதல் படத்தைப் பார்த்துவிட்டு வந்து லோகாம்பாள் சொன்னாள், நீங்களும் நல்லா செஞ்சிருக்கீங்க. நீங்களும். அந்த ம் இருக்கிறதே, அது முப்பது வருஷமாகத் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. நீங்க நல்லா செஞ்சிருக்கீங்க என்று சொல்ல என்ன, உதட்டை ஒரு தடவை குறைவாக மூடினால் போதுமே. விமர்சனத்திலும் அதே ம்தான், திரிகூடம் உருக வைக்கிறார், டாக்டராக வரும் சோணாசலமும் குறை வைக்கவில்லை. ஒரு தடவை விழுப்புரம் ஸ்டேஷனில் ரயில் நின்றபோது ஜன்னலில் ஒரு அம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, "நீங்க திரிகூடம் சார்தானே" என்று நோட்டை நீட்டினாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். வாங்கி, திரிகூடம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வண்டி செங்கல்பட்டு தாண்டுகிற வரைக்கும் உடம்பு எரிந்தது. இதை லோகாம்பாளிடம்கூடச் சொல்லவில்லை. பார்வை திருட்டுப் போன கதையை மட்டும் சொல்லியிருக்கிறேன், எத்தனையோ தடவை, கடைசியில் அவள் கீரையை ஆய்ந்துகொண்டே, "கண்ணு தெரியாதவங்க எல்லாருமே அப்படித்தாங்க பார்ப்பாங்க, அதுல என்ன உங்களது அவரதுன்னு" என்றுவிட்டாள். இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். நிஜமாகவே அவன் ஆஸ்பத்திரியில் படுத்தபோது மட்டும் நான் போகவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று ஒன்பது நாள். போயிருந்தால் கையைப் பிடித்திருப்பேன், கை அதற்குப் பழகியது, நாடி எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருக்கும். சோணா வந்தானா என்று கேட்டானாம். இதையும் வரதன்தான் சொன்னான், அதே நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, அதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்கிறான்.

"சார், போகலாமா?" ஜெயசீலன் குரல். போகலாம். சிவப்பு விளக்கு எரிகிறது, வெள்ளைக் கோடு ஓடுகிறது, அவன் திரும்புகிறான். தாளில் இருப்பது இது: வந்துட்டியா ராசா, இத்தன நாளா நான் இங்கதான் காத்துக்கிட்டு இருக்கேன். பேசினேன். ஒட்டவில்லை. இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். டப்பிங்கில் முதல் பாடமே ப-வும் ம-வும்தான். மற்ற எழுத்துகளை முன்னே பின்னே தள்ளிக்கொள்ளலாம், ப சொல்ல வேண்டுமென்றால், ம சொல்ல வேண்டுமென்றால் இரண்டு உதடும் ஒட்டியே ஆக வேண்டும், ஒட்டின உதட்டுக்கு வாய் திறந்த எழுத்தைப் போட்டால் கொட்டகையில் முன் பெஞ்சுக்காரன் சிரிப்பான். தாளில் தேடிப் பார்த்துவிட்டேன், ஒரு ப கிடையாது, ஒரு ம கிடையாது. திரையில் அவன் உதடு ஒட்டுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் வாய் திறந்தே ஏதோ போகிறது. அப்புறம் மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. "இவன் பேசறது இந்த டயலாக்கே இல்லய்யா" என்றேன். வரதன் தலையைச் சொறிந்தான். "ஆடி மாசக் காத்து சார், காவேரிக் கரையில. குடை பறந்துட்டுது. அவர் என்ன பேசினாருன்னு பக்கத்துல நின்ன எனக்கே கேக்கல. முகம் நல்லா வந்துட்டுது, டப்பிங்ல பார்த்துக்கலாம்னு டைரக்டர் ஓகே பண்ணிட்டார்." ஷூட்டிங்கில் பதிவான டேப்பை ஜெயசீலன் போட்டுக் காட்டினார், காற்றுதான், அடுப்பு ஊதுகிற மாதிரி காற்று. "முன்னாடி அப்பான்னு சேர்த்துக்கலாமா சார், உதடு ஒட்டிடும்" என்றான் வரதன். அவன்தானேய்யா அப்பா, அவன் யாரை அப்பா என்பான் என்று கேட்டேன். ஜெயசீலன் ஸ்பீக்கரை அணைக்க மறந்து சிரித்தார். இவர்கள் எல்லாம் நல்ல பிள்ளைகள்தான். இந்தக் கண் தெரியாத கிழவன் வேஷத்தை எனக்குக் கொடுக்கலாம் என்று மட்டும் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. கண் தெரியாத வேஷம், ஊரில் வேறு யாருக்குப் பொருந்தும், நெற்றிக்கு மேலே ஒரு சாண் யாருடையது, திரிகூடத்துக்குக் கொடுத்தார்கள், அவனும் நான்கு நாள் காய்ச்சலோடு போய் நடித்துக் கொடுத்துவிட்டு வந்து படுத்தான்.

உட்கார்ந்து பாருங்க சார் என்று நாற்காலி போட்டார்கள். லூப் பாட்டுக்கு ஓடட்டும் என்றேன். திரும்புகிறான், தூக்குகிறான், ஒன்று, இரண்டு, மூன்று. என் விரலை என் உதட்டில் வைத்துக்கொண்டேன், அவன் மூடும்போது நானும் மூடினேன். குரலை விடவில்லை, வெறும் உதடுதான். முதலில் வருவது பளிச்சென்று திறக்கிறது, அது ம இல்லை, பா. இரண்டாவது கொஞ்சம் நேரம் மூடியிருந்து வெடிக்கிறது, ம் வந்து அதன் மேலேயே ப வருகிறது. மூன்றாவது மூடி மெதுவாகத் திறந்து குவிகிறது, ம், அப்புறம் ஓ. பா, ம்ப, ம் ஓ. பாதம் படும் ஓ. விரலை உதட்டிலிருந்து எடுத்துவிட்டேன். பாதம் படும் ஓசை கேட்கிறதே. கேட்கிறதே, வாய் திறந்தே போகிறது, சரியாக இருக்கிறது. அப்புறம் பி, அப்புறம் பா, அப்புறம் மா. என் பிள்ளையின் பாதமா அது? தலை குனிகிறது. வெள்ளைக் கோடு. பாதம் படும் ஓசை கேட்கிறதே, என் பிள்ளையின் பாதமா அது? கண்ணிழந்த ராஜா. கடைசிக் காட்சி. என் வசனம். அட திருட்டுப் பயலே, கையும் களவுமாக மாட்டிக்கொண்டாயா. எழுந்து நின்றுவிட்டேன். இத்தனை வருஷமாகத் திருட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தேன், யாராவது நம்பினார்களா, இதோ பிலிமில் இருக்கிறது அத்தாட்சி, பார்வை மட்டுமில்லை, வசனம், ஒரு எழுத்து பிசகாமல் வைத்திருக்கிறான். யாரிடம் சொல்ல? வாத்தியார் இல்லை. கம்பெனி ஆட்கள் ஒருத்தரும் இல்லை. இந்த உதட்டைப் படிக்க உலகத்தில் என்னைத் தவிர ஆள் கிடையாது. அவனுக்குத்தான் என் வாய் தெரியும். ஐயோ, இதைத்தான் சொன்னானா? தெரிந்தே பேசினானா, காய்ச்சலில் வாய் தன்னால் போய்விட்டதா, நல்லா இருந்துது சோணா அதான் வாய் தன்னால போச்சு. இவ்வளவு பெரிய ஆள், தனி டைட்டில் போட்ட ஆள், கண் தெரியாத கிழவன் என்று வேஷம் கட்டிக் கரையில் உட்கார்ந்ததும் அவன் வாய்க்கு வந்தது நான் பேசினது. அப்படியானால் அத்தனை வருஷமும் அவனுக்குள்ளே நான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறான். மூன்றெழுத்தோடு என் பக்கத்தில் நின்றவன், அறை வாங்கினவன், பொறாமைப்படாமல் இருப்பானா. பட்டிருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாமே. நானும்தான் சொல்லவில்லை. அவன் பாதம் படும் ஓசைக்காக நான் ஒன்றும் காத்திருக்கவில்லை, அவன்தான் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் காத்திருந்தான்.

"ஒரு டேக் போகலாம்" என்றேன். தாளைத் திருப்பி வைத்துவிட்டேன். விளக்கு எரிந்தது, அவன் திரும்பினான், தூக்கினான், நான் பேசினேன். பாதம் படும் ஓசை கேட்கிறதே. என் பிள்ளையின் பாதமா அது. யோசிக்கவே இல்லை, முப்பத்தெட்டு வருஷம் கழித்து அதே இடத்தில் மூச்சு வாங்கி அதே இடத்தில் விட்டேன், கடைசியில் அது என்கிற இடத்தில் குரல் தானாகத் தரைக்கு இறங்கிற்று. அப்புறம் ஜெயசீலன், "சார், உதடு அப்படியே உக்காந்துடுச்சு. எப்படி சார்?" என்றார். வரதன் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தான். "இது எங்க சார் இருக்கு? ஸ்கிரிப்டுல இல்லையே." "இருக்காது" என்றேன். அவன் போய் டைரக்டருக்கு போன் போட்டான், வசனத்தைச் சொன்னான், இரண்டு தடவை சொன்னான், என்ன ராகத்தில் சொல்ல வேண்டும் என்று தெரியாமல் சந்தைக்குச் சாமான் சொல்வது போலச் சொன்னான். திரும்பி வந்தான். "வெச்சுக்கோன்னுட்டார் சார். சாகப்போற கிழவன் எப்படி வேணா பேசலாம், நல்லாத்தான் இருக்குன்னார்." நல்லாத்தான் இருக்கிறதாம். முப்பத்தெட்டு வருஷத்துக்கு அப்புறம் என் ராஜா சினிமாவில் ஏறுகிறான். அப்போது ஜெயசீலன் தயங்கித் தயங்கி, "ஒரே ஒரு விஷயம் சார்" என்றார், "வாய்ஸ் மாறிடுச்சு. இது உங்க வாய்ஸ். முப்பத்துமூணு லூப் அவர் குரலா போயிட்டு கடைசில வேற குரல் வந்தா ஒட்டாது. இதையே திரிகூடம் சார் மாதிரி ஒண்ணு குடுத்துடுங்களேன்." இதையே. திரிகூடம் சார் மாதிரி. அவர் எவ்வளவு மரியாதையாகக் கேட்டார் பாருங்கள். இந்த ஒரு வரிதான் என்னிடம் மிச்சம், பார்வையைக் கொடுத்தாயிற்று, டைட்டிலைக் கொடுத்தாயிற்று, விழுப்புரத்தில் கையெழுத்தைக்கூடக் கொடுத்தாயிற்று. இதையும் மூக்கிலிருந்து பாதி தொண்டையிலிருந்து பாதி எடுத்துத் தென்காசி இழுவையோடு கொடுத்துவிட்டால் தீபாவளிக்கு ஊர் பூராவும் அழும், திரிகூடத்தின் கடைசி வசனம் என்று எழுதுவார்கள், பாடப் புத்தகத்தில் போட்டாலும் போடுவார்கள். முடியாது என்று சொல்லலாம். தாளில் இருப்பதையே எப்படியாவது திணித்துப் பேசிவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போகலாம், முன் பெஞ்சுக்காரன் சிரிக்கட்டும், அவன் உதடு ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமும் போகட்டும். ஜனங்கள் சிரிக்கிறார்கள் என்று ஒரு தடவை பொய் சொன்னேன். இந்தத் தடவை நிஜமாகவே சிரிப்பார்கள். மறுபடி திரும்புகிறான். அவனுக்கென்ன, திரும்பிக்கொண்டே இருப்பான், வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை, அறை விழுந்த அன்றிலிருந்து அவனுக்கு இந்த வசனத்துக்குச் சத்தம் வரவில்லை.

"போகலாம்" என்றேன். ஒரே டேக்தான். மூக்கிலிருந்து பாதி, தொண்டையிலிருந்து பாதி. என் மூச்சு வாங்கும் இடத்தில் வாங்காமல் அவன் தோள் ஏறுகிற இடத்தில் வாங்கினேன், பாதமா என்பதை நான் நறுக்கென்று நிறுத்துவேன், அவன் வாய் நிறுத்தவில்லை, கொஞ்சம் இழுத்தது, நானும் இழுத்தேன். ஜெயசீலன் ஓகே என்றார். ஒரு தடவை போட்டுக் காட்டுங்க என்று நான்தான் கேட்டேன். விளக்கை அணைத்தார்கள். சுவர் முழுக்க அவன் முகம். திரும்பினான், நெற்றிக்கு மேலே ஒரு சாண் பார்த்தான், பேசினான். நன்றாகச் செய்திருந்தான். அந்த இழுப்பு எனக்குத் தோன்றவே இல்லை, மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை, அந்த இடத்தில் அப்படி இழுத்தால்தான் அது கேள்வி, நான் நறுக்கினது வெறும் வசனம். வயிறு எரிந்தது. நல்ல எரிச்சல், இருபத்துமூன்று வயசு எரிச்சல். அப்போதுதான் தெரிந்தது, இருட்டில் என் உதடு அசைந்துகொண்டிருக்கிறது, சத்தமில்லாமல் அவனோடு சேர்ந்து. வரதன் பார்க்கிறானா என்று பார்த்தேன், அவன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தலை குனிந்தது. அந்த இடத்தில் ஒருத்தன் வாளோடு நிற்க வேண்டும், இந்தப் படத்தில் இல்லை. இடம் காலியாக ஓடியது, எனக்குப் பொறுக்கவில்லை, அரசே என்றேன். "சார், மைக் ஓடிட்டிருக்கு" என்றார் ஜெயசீலன், "கடைசில ஏதோ சொன்னீங்களே, அது டயலாக்கா? வெச்சுக்கணுமா?" வேண்டாம், வெட்டிடுங்க என்றேன். மூன்றெழுத்துதான். அது எனக்குச் சரியாக வரவில்லை.